யார் வீட்டுப் பணம்?

சென்னையில் எந்த வீட்டுக் கூடத்தில் நாலு பேர் கூடிக் காப்பி சாப்பிட்டாலும் சரி, டம்ளர் காலியாவதற்குள் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது.

“நாம் மாடாய் உழைத்து வரி கட்டுகிறோம். அங்கே மரத்தடியில் உட்கார்ந்து ஊர்க் கதை பேசிவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு போகிறார்கள்!”

“ரேஷனில் அரிசி சும்மா, பஸ் சும்மா, மாசம் ஆயிரம் ரூபாய் சும்மா! பிறகு எவள் வீட்டு வேலைக்கு வருவாள்?”

இதைச் சொல்கிறவர்கள் பொல்லாதவர்கள் அல்ல. வாசலுக்கு வந்த கிழவிக்குச் சோறு போடுகிற கைகள்தான் அவை. ஆனால் அதே சோற்றைச் சர்க்கார் போட்டால் மட்டும் மனசுக்குள் ஏதோ உறுத்துகிறது. ஏன்? அந்த மரத்தடியில் உட்காரும் ‘அவர்கள்’ யார் என்று நேரிலேயே பார்த்து வரலாம் என்று விழுப்புரம் ஜில்லாவில் செஞ்சிக்குத் தெற்கே இருக்கும் பனமலைக்குப் போனேன்.

பனமலை என்றதும் சிற்பம், சித்திரத்தில் ஈடுபாடுள்ள வாசகிகளுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். ராஜசிம்மன் என்ற பல்லவ மன்னன், ஏறக்குறைய 1,300 வருஷத்துக்கு முன்னே, இந்தக் குன்றின் மேல் தாளகிரீஸ்வரருக்குக் கட்டிய கோயில் இங்கேதான் இருக்கிறது. காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே மன்னன்தான். உள்ளே ஒரு சுவரில், தலையில் மகுடமும் மேலே குடையுமாக, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் பார்வதியின் ஓவியம் அங்கங்கே உதிர்ந்துபோய் மிச்சம் இருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள்.

குன்றின் அடியில் ஏரி. அதற்குத் தண்ணீர் கொண்டுவர நந்தன் கால்வாய் என்று ஒன்று உண்டு. பல்லவ ராஜா காலத்தில் வெட்டியது என்பார்கள் இந்தப் பக்கத்து ஜனங்கள். ஆக, மேலே கோயில், கீழே ஏரி, அதற்கு ஒரு கால்வாய். இதெல்லாம் எந்தப் பணத்தில் நடந்தது? ராஜாவின் அம்மா வீட்டுச் சீதனத்திலா?

பல்லவர் காலத்துச் செப்பேடுகளில் வரிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. கள் இறக்குகிறவன் கட்டிய வரிக்கு ‘ஈழம்பூட்சி’ என்று பெயர். ஆடு மாடு மேய்த்த இடையன் ‘இடைப்பூட்சி’ கட்டினான். குயவன் கட்டியது ‘குசக்காணம்’. நெசவாளியின் தறிக்குத் ‘தறிக்கூறை’. கல்யாணம் செய்துகொண்டால்கூட விடவில்லை, அதற்குக் ‘கண்ணாலக்காணம்’! சட்டி பானை செய்தவனும், கள் இறக்கினவனும், கல்யாணம் பண்ணிக்கொண்ட ஏழையும் கொடுத்த காசில்தான் அந்தக் காலத்து அரசாங்கங்கள் நடந்தன. வரி கட்டுகிறவன் வேறு, ஏழை வேறு என்ற எண்ணம் அப்போதே செல்லாத காசுதான்.

இனி நூறு நாள் வேலை விஷயத்துக்கு வருவோம்.

மகாத்மா காந்தி பெயர் தாங்கிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-இல் நிறைவேறியது. 2006 பிப்ரவரி 2-ந் தேதி நாட்டில் 200 ஜில்லாக்களில் முதன்முதலாக ஆரம்பித்தார்கள். தமிழ்நாட்டில் அந்த முதல் பட்டியலில் இடம் பெற்றவை ஆறு. அவற்றில் ஒன்று விழுப்புரம். கிராமத்துக் குடும்பம் ஒன்று கேட்டால், வருஷத்துக்கு 100 நாள் வேலை கொடுத்தாக வேண்டும். 15 நாளுக்குள் கொடுக்காவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும். வேலை வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. ஆரம்பத்தில் தமிழ்நாட்டில் நாளுக்கு 80 ரூபாய். 2025-26-இல் அது 336 ரூபாய்.

ஏரிக்கரையில் ஒரு வயதான அம்மாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கத்து வழக்கப்படி ‘ஆயா’ என்று கூப்பிட்டேன். பேர் சொன்னாள்; ஆனால் பத்திரிகையில் போடக் கூடாது என்று கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். முதல் வருஷத்திலிருந்து ‘ஏரி வேலை’க்குப் போனவளாம்.

“அப்போ எல்லாம் களை எடுக்கப் போனா அதுல பாதிதான் தம்பி குடுப்பாங்க. ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு ஒரு கூலி. அவரு வரப்புல நின்னு பார்த்துக்கிட்டு இருப்பாரு, அவருக்கு ஜாஸ்தி. நான் குனிஞ்சா நிமிர மாட்டேன், எனக்குக் கம்மி. ஏரி வேலையிலதான் ரெண்டு பேருக்கும் ஒரே காசுன்னு சொன்னாங்க. எங்க வூட்டுக்காரருக்கு அன்னிக்கு முகம் போன போக்கைப் பார்க்கணுமே!”

ஆயா விழுந்து விழுந்து சிரித்தாள். தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போனவர்களில் நூற்றுக்கு 85 பேருக்கு மேல் பெண்கள். அது ஏன் என்று பட்டணத்தில் நாம் கேட்பதே இல்லை. ஆண்பிள்ளைகள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், செங்கல் சூளைக்கும், கரும்பு வெட்டவும் போய்விடுகிறார்கள். குழந்தையையும் கிழடுகளையும் விட்டு நகர முடியாத பெண்ணுக்கு நடந்துபோகிற தூரத்தில், மேஸ்திரி தொந்தரவு இல்லாமல், தன் பேருக்கே காசு வருகிற வேலை வேறு எது?

“மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுவீர்களாமே, ஆயா?” என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

“உட்காருவோம். ஏன் உட்காரக் கூடாது? பட்டணத்து ஆபீசுல யாரும் உட்கார மாட்டாங்களா? காலையில ஏழு மணிக்குப் போவோம். போட்டோ புடிப்பாங்க. மண்ணை வெட்டி, அன்னக்கூடையில அள்ளிக் கரையில கொட்டணும். மறுபடியும் ஒரு போட்டோ. அளந்து பார்த்துட்டுத்தான் காசு. அளவு கொறஞ்சா காசும் கொறஞ்சிடும். நானூறும் ஐந்நூறும் யாரு குடுத்தா?”

போட்டோ சமாசாரம் வாசகிகளுக்குப் புதிதாக இருக்கலாம். சில வருஷங்களாக இந்த வேலையில் காலை ஒரு தடவை, பிற்பகல் ஒரு தடவை கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினால்தான் ஆஜர். ஒருநாள் சிக்னல் கிடைக்காவிட்டால் அன்றைய உழைப்பு ஏரியோடு போயிற்று. நம் வீட்டில் வருமான வரிக் கணக்குப் போடும்போது, வீட்டுக் கடன் வட்டிக்கென்று பழைய முறையில் 2 லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்கிறோமே, அதற்காகக் காலையும் மாலையும் யாராவது வந்து நம்மைப் படம் பிடித்தார்களா?

குறை இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. வராதவர் பெயரில் வருகை எழுதிக் காசு எடுத்த கதைகள் பல ஊர்களில் நடந்திருக்கின்றன. கிராம சபையில் கணக்கை வாசித்துக் காட்டும் சமூகத் தணிக்கை என்ற ஏற்பாடே அதைப் பிடிக்கத்தான் வந்தது. சோம்பேறிகளும் இருந்திருப்பார்கள், அவர்கள் இல்லாத இடத்தை எனக்குக் காட்டினால் நான் அங்கே குடிபோகத் தயார்! பக்கத்து நிலத்து மிராசு ஒருவர் சொன்ன குறையையும் எழுதித்தான் ஆக வேண்டும். “நடவுக்கும் மல்லாட்டை பிடுங்கவும் ஆள் கிடைக்கவில்லை, சார். கூலி எங்கேயோ போய்விட்டது. விளைச்சல் விலை மட்டும் அப்படியே இருக்கிறது” என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. கொஞ்சம் நிலத்தை வைத்துக்கொண்டு தானும் சேற்றில் இறங்குகிற குடியானவனுக்குக் கூலி உயர்வு என்பது பெரிய இடிதான். ஆனால், அவருக்குக் குறைந்த விலை கிடைப்பதற்குக் காரணம் ஆயாவா?

இந்தச் சந்தேகப் புத்தி இன்று நேற்று வந்ததல்ல. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்கள் தங்கள் பாட்டிமார்களிடம் கேட்டுச் சொல்லியிருப்பார்களே, அது 1876-இல் ஆரம்பித்து 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடியது. ஜனங்களுக்குக் கல் உடைக்கவும் மண் வெட்டவும் வேலை கொடுத்துக் கூலி தந்தது சர்க்கார். ஆனால் செலவு ஏறுகிறதே என்று வைஸ்ராய் லிட்டன் பிரபுவுக்குக் கவலை. ஸர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரை அனுப்பினார்.

இந்த டெம்பிளின் கதை வேடிக்கையானது, அழவும் வைப்பது. 1873-74-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது, பர்மாவிலிருந்து அரிசி தருவித்துத் தாராளமாகச் செலவு செய்து, பட்டினிச் சாவு அநேகமாக இல்லாமல் காப்பாற்றியவர் இவரே. அதற்குக் கிடைத்த பாராட்டு என்ன தெரியுமா? “பணத்தைப் பாழாக்கிவிட்டான், ஜனங்களைச் சோம்பேறியாக்கிவிட்டான்” என்ற வசவு. பட்ட மனுஷர் அடுத்த தடவை ஜாக்கிரதையாகிவிட்டார். 1877-இல் சென்னைக்கு வந்ததும், உழைக்கிற ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னையில் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், “இதைத் தின்றுவிட்டு மண் வெட்டினால் உடம்பு உருகிப்போகும்” என்று மல்லுக்கு நின்றார். சில மாதங்களுக்குப் பிறகுதான் கூலி உயர்ந்தது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் பல லட்சம்.

இன்னொரு யுக்தியும் கையாண்டார்கள். உண்மையிலேயே வேலை வேண்டுமா, சும்மா வருகிறானா என்று கண்டுபிடிக்க, வேலையைப் பத்து மைலுக்கு அப்பால் கொடுப்பது! நிஜமாகப் பசித்தவன் நடந்து வருவானாம். நிஜமாகப் பசித்தவனால் நடக்க முடியாது என்பது அந்தப் புத்திசாலிகளுக்குத் தோன்றவில்லை. 2005-ஆம் வருஷச் சட்டம் 5 கிலோமீட்டருக்குள் வேலை என்று எழுதியதன் பின்னால் இப்படி ஒரு பழைய பாவக் கணக்கு இருக்கிறது.

சென்னை வாசகிகள் மயிலாப்பூர்ப் பக்கம் பறக்கும் ரயிலில் போகும்போது கீழே குனிந்து பாருங்கள். தூண்களுக்கு நடுவே கறுப்பாக ஒரு சாக்கடை கிடக்கும். அதுதான் பக்கிங்ஹாம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்தத் துண்டை 1877-78-இல் வெட்டியது பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஜனங்கள். அன்றைக்கும் யாரோ ஒருவர், கரையோரத்து மரத்தடியில் அவர்கள் சற்றே சாய்ந்ததைப் பார்த்துவிட்டு, “உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்” என்று சொல்லியிருப்பார்.

பட்டணத்து வரியைக் கிராமத்து வேலைக்கென்றே ஒதுக்கிய ராஜ்யம் ஒன்றும் உண்டு. மகாராஷ்டிரத்தில் 1972 வறட்சியின்போது வி. எஸ். பாகே என்ற சட்ட மேலவைத் தலைவர் வகுத்த வேலை உறுதித் திட்டம் பெரிதாக வளர்ந்தது. அதற்குப் பணம் வேண்டுமே? பம்பாயிலும் மற்ற நகரங்களிலும் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் மேல் 1975-இல் தொழில் வரி போட்டார்கள். அதில் வசூலாவதற்கு ஈடாகச் சர்க்காரும் போட வேண்டும் என்று ஏற்பாடு. நகரவாசிகள் முணுமுணுத்தார்கள், ஆனால் கட்டினார்கள். கிராமத்தில் கஞ்சி கிடைக்காவிட்டால் நாளைக்கு அத்தனை பேரும் பம்பாய் நடைபாதைக்கு வந்து படுப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இது தர்மமா, முன்ஜாக்கிரதையா என்று பிரிப்பது கஷ்டம். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் என்ன?

‘ஓசி’ என்ற வார்த்தையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. 2022 செப்டம்பரில் மாநில அமைச்சர் ஒருவரே மேடையில் இந்தப் பிரயாணத்தைப் பற்றி ‘ஓசி’ என்று பேசிவிட, ஊர் கொதித்தது. கோவைப் பக்கம் ஒரு மூதாட்டி கண்டக்டரிடம் பிடிவாதமாகக் காசை நீட்டிய படம் எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்தது. அது கட்சிக்காரர்கள் ஏற்பாடு என்று ஒரு சாரார் சொன்னார்கள். இருக்கட்டும். அந்த வார்த்தை மட்டும் ஏன் அப்படிச் சுட்டது? இந்தச் சொல் வந்த விதத்துக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் கடிதங்களுக்குத் தபால் கூலி இல்லாமல் இருக்க ‘கம்பெனி காரியமாக’ என்பதற்கு இங்கிலீஷில் ஓ, சி என்று தொடங்கும் முத்திரை போடுவார்களாம். அதுதான் ஓசி ஆயிற்றாம். அது மெய்யானால், முதல் ஓசிப் பேர்வழிகள் கிராமத்துக் கிழவிகள் அல்ல. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த துரைமார்களே!

சரி, இன்றைய கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். வருமான வரி கட்டுகிறவர்கள் நாட்டில் நூற்றுக்குச் சில பேர்தான். அதனால் வரி கட்டுவதே நாம்தான் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் ஆயா குளிக்கிற சோப்புக்கு 2025 செப்டம்பர் 21 வரை 18 சதவிகித ஜி.எஸ்.டி.; அதற்குப் பிறகு 5. கடையில் வாங்கும்போது ஏழைக்கு வேறு விலை என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? ஆயாவின் பிள்ளை மாலையில் எங்கே போய்வருகிறான் என்பதைப் பற்றி அவள் பேச விரும்பவில்லை. ஆனால் டாஸ்மாக் கடைகளின் மூலம் சர்க்காருக்கு 2023-24-இல் கிடைத்த வருமானம் 45,855 கோடி ரூபாய். மகளிர் உரிமைத் தொகைக்கு 2024-25 பட்ஜெட்டில் ஒதுக்கியது 13,720 கோடி. கணவன் கையில் மூன்று ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டு மனைவி கையில் ஒரு ரூபாய் கொடுப்பதை ‘சும்மா கொடுப்பது’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பல்லவ ராஜாவின் ஈழம்பூட்சி வேறு பெயரில் நடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கியது. முதலில் ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மேல், மாதம் 1,000 ரூபாய். ‘உதவித் தொகை’ என்று சொல்லாமல் ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தார்கள். வீட்டு வேலைக்குச் சம்பளம் இல்லை என்ற பழைய புகாருக்கு இது பதிலாகுமா என்று வாசகிகளே முடிவு செய்துகொள்ளலாம். நான் ஒரு வீட்டில் ஒருநாள் சமைத்துப் பார்த்தவன். ஆயிரம் ரூபாய் கட்டாது.

மத்திய தரக் குடும்பங்களின் வாசலிலும் சர்க்கார் வந்து நிற்கத்தான் செய்கிறது. 2016 மே மாதத்தில் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று உத்தரவு ஆனபோது, பங்களாவுக்கும் குடிசைக்கும் சேர்த்தே ஆயிற்று. “எங்களுக்கு ஓசிக் கரண்டு வேண்டாம்” என்று அடையாற்றில் யாரும் மறியல் செய்ததாக நான் கேள்விப்படவில்லை! 2025 பட்ஜெட்டில், புதிய முறையில் வருஷம் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வருமான வரி இல்லை என்று அறிவித்தார்கள். இதனால் சர்க்கார் விட்டுக்கொடுக்கும் பணம் சுமார் ஒரு லட்சம் கோடி என்று நிதி மந்திரியே சொன்னார். அதே பட்ஜெட்டில், நாடு முழுவதும் நூறு நாள் வேலைக்கு ஒதுக்கியது 86,000 கோடி. முதலாவதற்கு ‘சலுகை’ என்று பெயர். இரண்டாவதற்கு ‘இலவசம்’. அகராதி எழுதுகிறவர்கள் நம்மில் ஒருவராக இருப்பதில் எத்தனை சௌகரியம்!

எல்லா இலவசமும் ஒன்று என்று நான் சாதிக்கவில்லை. 2006-இல் வந்த கலர் டெலிவிஷனும், 2011-இல் வந்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும் நீதிமன்றம் வரை போயின. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குக் கொடுப்பது சட்டப்படி ஊழல் ஆகாது, ஆனால் இதற்கு நெறிமுறை வகுக்கத் தேர்தல் கமிஷன் முயல வேண்டும் என்று 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. டெலிவிஷனுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆட்டுக்கல்லில் மாவாட்டித் தோள்பட்டை தேய்ந்த பெண்ணிடம் போய்க் கிரைண்டர் ஆடம்பரம் என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. பள்ளிக்கூடச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1920-இல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டது. செலவு கட்டாது என்று சில வருஷங்களில் நின்றது. காமராஜர் 1956-இல் மறுபடி ஆரம்பித்தார், எம்.ஜி.ஆர். 1982-இல் பெரிதாக விரித்தபோது படித்தவர்களே கேலி செய்தார்கள். 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. அந்தப் பழைய கேலியை இன்று எவரும் தம் பேர் போட்டுச் சொல்லிக் காட்டட்டும், பார்க்கலாம்.

ஆயாவிடம் அந்தப் பணத்தை என்ன செய்தாய் என்று கேட்டேன். பேத்தியின் காலேஜ் ஹாஸ்டல் பணம், தன் கண் ஆபரேஷனுக்குப் போய்வந்த செலவு, ரெண்டு ஆடு. “இதோ நிக்குதுங்களே, இதுங்கதான் ஏரி வேலை” என்று ஆடுகளைக் காட்டினாள். பிறகு குரல் இறங்கிற்று. ஒரு சமயம் மாசக்கணக்காகக் கூலி வரவில்லையாம். 2025-இன் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய பாக்கி 4,034 கோடி ரூபாய் என்று மாநில சர்க்கார் டில்லியிடம் கேட்டுக்கொண்டிருந்த சமயம் அது. 15 நாளுக்குள் கூலி என்பது சட்டம். “கடையில நம்பிக் கடன் குடுத்தான், தம்பி. அவனுக்கு நான் வட்டி குடுத்தேன். எனக்கு யாரு குடுத்தா?”

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 100 நாள் 125 நாளாகிறது. கூலிச் செலவை முன்போல் மத்திய சர்க்காரே ஏற்காமல், பெரும்பாலான மாநிலங்களில் நூற்றுக்கு 40 பங்கை மாநிலம் போட வேண்டும். விதைப்பு, அறுப்புச் சமயத்தில் விவசாயத்துக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்று வருஷத்தில் 60 நாள் வரை இந்த வேலையை நிறுத்தி வைக்கலாம். மிராசுதார் சொன்ன குறைக்கு இது பதில். ஆயாவுக்கு இதில் 125 மட்டும் காதில் விழுந்திருந்தது. 60 நாள் சங்கதியை நான்தான் சொன்னேன்.

அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. ஏரிக்குக் கீழே நெல் வயலில் அறுவடை மிஷின் ஒன்று கடகடவென்று போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிறவன் ஒருத்தன், வரப்பில் நின்று பார்ப்பவர் ஒருத்தர், ஆக இரண்டே பேர். ஆயா கையிலிருந்த குச்சியை அந்தப் பக்கம் நீட்டினாள்.

“அறுப்புக்கு எங்களைக் கூப்பிடுவாங்கன்னுதானே நிறுத்துறாங்க? அதோ, அது அறுக்குது பாரு தம்பி. அதுகிட்ட யாராவது இதைச் சொன்னாங்களா?”